தக்கோலம், 949: ராஜாதித்தனைக் கொன்றது வஞ்சகமா?

கேள்வி (3 மார்ச் 2022)

தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் நேருக்கு நேர் தோற்கவில்லை என்றும், கங்க மன்னன் பூதுகன் நட்புக் கொண்டாடி யானைமேல் ஏறி அவனை வஞ்சகமாகக் குத்திக் கொன்றான் என்றும், அந்த ஒரு துரோகம் நடந்திருக்காவிட்டால் ராஷ்டிரகூடர்கள் தொண்டை மண்டலத்துக்குள் நுழைந்தே இருக்க முடியாது என்றும் ஒரு கட்டுரையில் படித்தேன். கல்வெட்டில் அப்படி இருக்கிறதா, அல்லது நம்மவர்கள் தோல்விக்குச் சொல்லிக்கொண்ட சமாதானமா?

3 மார்ச் 2022, இரவு

கல்வெட்டிலேயே இருக்கிறது. கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் உள்ள ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு, ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் சோழன்மேல் படையெடுத்துத் தக்கோலத்தில் பொருதபோது அவனுடைய அக்காள் கணவனான இரண்டாம் பூதுகன் ராஜாதித்தனைச் சுரிகையால், அதாவது குறுவாளால், குத்திக் கொன்றான் என்றும், அதற்குப் பரிசாகக் கிருஷ்ணன் அவனுக்கு வனவாசி பன்னீராயிரம் முதலான நாடுகளைக் கொடுத்தான் என்றும் கூறுகிறது. வஞ்சகமாகக் குத்தினான் என்பதையும் அதே கல்வெட்டின் மொழிபெயர்ப்பில் கல்லூரி நாட்களில் படித்திருக்கிறேன்.

4 மார்ச் 2022

நேற்று எழுதியதின் கடைசி வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். முப்பது வருடத்துக்கு முன் படித்ததை நினைவிலிருந்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

கல்வெட்டைப் பதிப்பித்த ஆங்கிலேய அறிஞர் ப்ளீட், ராஜாதித்தன் வஞ்சிக்கப்பட்டான் என்று பொருள்படும்படிதான் அந்த இடத்தை மொழிபெயர்த்தார். பின்னர் அந்தப் பொருள் பிழை என்று திருத்தப்பட்டது. இப்போது ஏற்கப்பட்டுள்ள வாசிப்பின்படி, பூதுகன் யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக்கொண்டு அங்கே ராஜாதித்தனைக் குத்தினான் என்பதே அந்தத் தொடரின் கருத்து. மூலத்தில் வரும் சொல் களன், அதாவது நம்முடைய களம். கள்ளத்துக்கும் களத்துக்கும் ஒலியில் எவ்வளவு சிறிய தூரம் என்பது தமிழ்க் காதுக்கு உடனே புரியும். பொருளிலோ அந்தத் தூரம், ஒரு மனிதனை ஆயிரம் வருடம் துரோகியாக வைத்திருக்கப் போதுமானது.

இப்படித் திருத்திப் படிக்கும்போது காட்சியும் மாறிவிடுகிறது. நட்பாகப் பேசிக்கொண்டே கத்தியை உருவியவன் மறைந்து, நடுக்களத்தில் எதிரியின் யானை மீது தாவி ஏறி, இரண்டு பேர் நிற்கவே இடம் போதாத அம்பாரிக்குள் குறுவாளோடு கைகலந்தவன் தெரிகிறான். ராஜாதித்தனின் யானையைச் சுற்றியிருந்த மெய்காவலர்களையும், யானையின் உயரத்தையும், மேலே இருப்பவன் கையில் வில்லோ வேலோ இருந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், இதைச் செய்வதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது விளங்கும். சோழன் தரப்பில் நின்று படிக்கிற எனக்கும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.

பூதுகன் அப்பழுக்கில்லாதவன் என்று சொல்ல வரவில்லை. தன் அண்ணன் ராச்சமல்லனைக் கிருஷ்ணன் துணையோடு ஒழித்துவிட்டுத்தான் கங்க அரியணையில் ஏறினான். கிருஷ்ணனின் 940ஆம் ஆண்டுத் தேவளிச் செப்பேடு, நச்சு மரமாகிய ராச்சமல்லனைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நல்ல மரமாகிய பூதாரியனை, அதாவது பூதுகனை, நட்டதாக இதைப் பெருமையோடு பேசுகிறது. வஞ்சகன் என்ற பெயர் அவனுக்கு எளிதில் ஒட்டிக்கொண்டதற்கு இந்தப் பழைய கணக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். அண்ணன் விவகாரத்துக்கு உரிய பழியைத் தக்கோலத்தில் வசூலிப்பது முறையாகாது.

6 மார்ச் 2022

சோழர் தரப்பு என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். லெய்டன் பெரிய செப்பேடு எனப்படும் ஆனைமங்கலச் செப்பேட்டின் வடமொழிப் பகுதியில் ராஜாதித்தனுக்கு ஒரு சுலோகம் உண்டு. அசைக்க முடியாத கிருஷ்ணராஜனைப் படையோடு தன் கூரிய அம்புகளால் கலங்கச் செய்தவன், பெரிய யானையின்மேல் அமர்ந்திருந்தபோதே கூரிய அம்புகளால் நெஞ்சு பிளக்கப்பட்டு வீரசொர்க்கம் புகுந்தான் என்பது அதன் சாரம்.

ஆக, ஒரு சாவுக்கு இரண்டு சாட்சிகள் இருக்கின்றன. கங்கர் கல்லில் சுரிகை, சோழர் செப்பேட்டில் அம்பு. யானை மட்டும் இரண்டிலும் பொது.

எனக்கு ஆதகூர்க் கல்வெட்டின்மேல்தான் நம்பிக்கை அதிகம். அது போர் நடந்த சூட்டோடு வெட்டப்பட்டது. லெய்டன் செப்பேடோ ராஜராஜன் கொடுத்த கொடைக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலான இடைவெளியில், வம்சத்தின் புகழ் பாட அமர்ந்த ஒரு புலவர் எழுதியது. நெஞ்சில் அம்பு வாங்கிச் சாவது காவிய மரபுக்கு உகந்த சாவு. குலத்தின் மூத்த பிள்ளை தன் அம்பாரிக்குள்ளேயே கைகலப்பில் குறுவாளுக்கு இரையானான் என்று எந்த அவைப்புலவரும் பாட மாட்டார். இரண்டும் நடந்திருக்கலாம், அம்பு தைத்துத் தளர்ந்தவனைப் பூதுகன் ஏறிக் குத்தியிருக்கலாம் என்று சமரசம் பேசுவோரும் இருக்கிறார்கள். அது நம் வசதிக்காகச் செய்யப்படும் தையல் வேலை.

மூன்றாவது சாட்சி தமிழிலேயே இருக்கிறது. வேலூருக்கு அருகே உள்ள சோழபுரத்துக் கல்வெட்டு, சகம் (சக ஆண்டு) 871ஐக் குறித்து, அதைக் கன்னரதேவ வல்லபன் ராஜாதித்தரை எறிந்து தொண்டை மண்டலம் புகுந்த ஆண்டாக அடையாளம் சொல்கிறது. கன்னரதேவன் என்பது கிருஷ்ணனின் பெயர் தமிழ்நாட்டில் வழங்கிய விதம். எறிதல் என்ற சொல் வெட்டுதல், தாக்குதல், வெல்லுதல் எல்லாவற்றுக்கும் பொதுவானது. எந்த ஆயுதம் என்று அந்தக் கல்லிடம் கேட்டுப் பயனில்லை. ஆனால் ராஜாதித்தரை என்று அது மரியாதை விகுதி போட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். வென்றவனின் பேரால் வெட்டப்பட்ட கல், எழுதியவன் கை தமிழ்நாட்டான் கை.

6 மார்ச் 2022, மாலை

ஆதகூரில் சகம் 872, சோழபுரத்தில் சகம் 871 என்று இருப்பதால் போர் 949இலா 950இலா என்ற குழப்பம் வேண்டாம். ஒன்று நடப்பு ஆண்டுக் கணக்கு, மற்றது முடிந்த ஆண்டுக் கணக்கு. ஆதகூர்க் கல்வெட்டு சௌமிய வருடம் என்று பெயரும் சொல்லியிருப்பது நமக்கு வசதி. நம் பஞ்சாங்கத்தில் 1969–70 சௌமிய வருடம். அதிலிருந்து பதினேழு அறுபதுகளைப் பின்னால் தள்ளினால் 949–50இல் போய் நிற்கும். என் தம்பி பிறந்தது அந்தச் சௌமியவில்தான். தக்கோலத்தை மறக்காமல் இருக்க வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது.

11 மார்ச் 2022

ஆதகூர்க் கல்லை நேரில் பார்த்திருக்கிறேன். பெங்களூரில் கஸ்தூர்பா சாலையில் உள்ள அரசு அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. நான் போன அன்று மழை. ஒதுங்க இடம் தேடி வந்த பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. ஏன் என்று எட்டிப் பார்த்தால், கல்லில் ஒரு நாயும் காட்டுப்பன்றியும் கட்டிப் புரண்டு சண்டையிடும் சிற்பம். சோழ இளவரசன் வீழ்ந்த செய்தியைத் தாங்கி நிற்கும் கல்லில் ராஜாதித்தனும் இல்லை, பூதுகனும் இல்லை.

காரணம், அது நாய்க்கு எடுத்த நடுகல். தக்கோலத்தில் பூதுகனுக்கு முன்னால் நின்று போரிட்டவன் மணலேரன். அவனுடைய வீரத்தை மெச்சி, வேண்டியதைக் கேள் என்று பூதுகன் சொன்னபோது, அவன் பூதுகனின் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பின்னொரு நாள் அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியின்மேல் பாய, இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. நாயின் நினைவாக ஆதகூரில் சல்லேசுவரர் கோயிலுக்கு முன் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். இந்த நாய் எப்படி மணலேரன் கைக்கு வந்தது என்று விளக்கப் புகுந்த இடத்தில்தான் தக்கோலப் போரும், ராஜாதித்தனின் சாவும், கிருஷ்ணன் கொடுத்த நாடுகளின் பட்டியலும் வருகின்றன. வனவாசி பன்னீராயிரம், பெள்வொல முந்நூறு, புரிகெரே முந்நூறு, கிசுகாடு எழுபது, பாகெநாடு எழுபது என்று பூதுகன் பெற்றதை எண்ணிச் சொல்லிவிட்டு, கல் மறுபடி நாய்க்குத் திரும்பிவிடுகிறது.

தென்னிந்திய வரலாற்றின் போக்கை மாற்றிய ஒரு போருக்கு நம்மிடம் உள்ள மிக நெருக்கமான சாட்சி ஒரு நாயின் பெயரால் நின்றுகொண்டிருக்கிறது. காளி அந்தப் பன்றியைத் துரத்தாமல் இருந்திருந்தால், அம்பாரியே களமான செய்தி நம் வரைக்கும் வந்திருக்காது.

12 மார்ச் 2022

அந்தக் கல்லின் காப்புரையையும் சொல்லாமல் விட்டுவிட்டேன். கோயில் பூசகர் இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் உணவு உண்டால், நாய் செய்த பாவம் அவரைச் சேரும் என்று எழுதியிருக்கிறார்கள். கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்றவன் பாவம் என்றே படித்துப் பழகிய நமக்கு இது புதிது. ஒரு நாய் அப்படி என்னதான் பாவம் செய்திருக்கும் என்று வீட்டில் கேட்டேன். நம் தெரு நாயைக் கேளுங்கள் என்று பதில் வந்தது.

19 மார்ச் 2022

போருக்குக் காரணம் எல்லை ஆசை என்று ஒரு வரியில் முடித்துவிடுவது சரியில்லை என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். அவர் சொல்வது சரி. இது இரண்டு குடும்பங்களின் வழக்கு, அதுவும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களின் வழக்கு.

சோழன் முதலாம் ஆதித்தன் ராஷ்டிரகூட இரண்டாம் கிருஷ்ணனின் மகள் இளங்கோன் பிச்சியை மணந்திருந்தான். அவளுக்குப் பிறந்த பிள்ளையின் பெயர் கன்னரதேவன், தாய்வழிப் பாட்டன் பெயர். ஆதித்தனுக்குப் பின் 907இல் அரியணை ஏறியதோ வேறு தாய்க்குப் பிறந்த பராந்தகன், நம் ராஜாதித்தனின் தந்தை. பேரனுக்கு ஆட்சி கிடைக்காத கோபத்தில் இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்து வந்ததாகவும், வல்லம் என்ற திருவல்லத்தில் தோற்றுத் திரும்பியதாகவும் அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்த வெற்றியில் பராந்தகனுக்குத் துணை நின்றவன் இன்னொரு கங்கனாகிய இரண்டாம் பிருதிவீபதி. பாணர் என்ற சிற்றரசர்களின் நாட்டைப் பறித்து அவனிடம் கொடுத்து, செம்பியன் மாவலிவாணராயன் என்ற பட்டத்தையும் பராந்தகன் கொடுத்தான். நாடு இழந்த பாணர்கள் எங்கே போவார்கள்? ராஷ்டிரகூடரிடம்தான் போனார்கள்.

அடுத்த தலைமுறையில் சம்பந்தம் மறுபடியும் நடந்தது. பராந்தகனின் மகள் வீரமாதேவியை ராஷ்டிரகூட நான்காம் கோவிந்தன் மணந்தான். ஏறக்குறைய 935இல் அவனைக் கவிழ்த்துவிட்டுக் கிருஷ்ணனின் தந்தை மூன்றாம் அமோகவர்ஷன் ஆட்சிக்கு வந்தபோது, துரத்தப்பட்ட மருமகனுக்கு அடைக்கலம் கொடுத்தவன் பராந்தகன். ராஷ்டிரகூடத் தலைநகரான மான்யகேடத்தில் புதிதாக உட்கார்ந்தவர்களுக்கு, பழைய அரசன் சோழ நாட்டில் உயிரோடு இருப்பது தொண்டையில் சிக்கிய முள்ளாகத்தான் இருந்திருக்கும். பிருதிவீபதி இறந்துபோனான். கங்க நாட்டில் கிருஷ்ணன் தன் அக்காள் ரேவகநிம்மடியை மணந்த பூதுகனை அமர்த்தியாயிற்று. வடக்கே பராந்தகனுக்கு இருந்த தடுப்புச் சுவர் பத்தே வருடத்தில் எதிரியின் முன்னணிப் படையாக மாறிவிட்டது.

பூதுகனின் குறுவாளை மட்டும் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை என்பதுதான் என் குறை. சேதம் தக்கோலத்துக்கு முன்பே ஏற்பட்டுவிட்டது.

27 மார்ச் 2022

இந்த இழையின் புண்ணியத்தில் நேற்றுத் தக்கோலம் போய் வந்தேன். அரக்கோணத்திலிருந்து செங்கல்பட்டுப் பாதையில் தக்கோலம் என்று ரயில் நிலையமே இருக்கிறது. நான் ஷேர் ஆட்டோவில் போனேன். ஓட்டுநரிடம், இங்கே பெரிய போர் நடந்ததாமே என்று கேட்டதற்கு, எந்தத் தெருவில் என்று கேட்டார். பிறகு அவரே யோசித்து, மத்திய தொழிற்பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்தைத்தான் நான் விசாரிக்கிறேன் என்று முடிவுசெய்து, அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். தலையை ஒட்ட வெட்டிய பையன்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தார்கள். மேலே அரக்கோணத்துக் கடற்படைத் தளத்தின் விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. ஆயிரத்து எழுபது சொச்சம் வருடம் கழித்தும் அந்த ஊரைப் படை விட்டபாடில்லை.

சலநாதீசுவரர் கோயில் சம்பந்தர் பாடிய திருவூறல். கருவறைச் சுவரில் கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன. முதலாம் ஆதித்தனின் இருபத்து நான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒரு சூரிய கிரகணத்தைக் குறிப்பதால், அதைக் கொண்டு அவன் பட்டத்துக்கு வந்தது 871 என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் கோயில் போருக்கு முன்பே சோழர்கள் விளக்கெரித்த இடம். சுவரின் கீழ்ப்படையில் ஓர் இடத்தில் எழுத்தின்மேல் சுண்ணாம்பு அப்பியிருந்தது. விரல் நகத்தால் மெல்லச் சுரண்டியபோது முதலில் ஒரு யகரமும் பிறகு ஒரு கோடும் வெளிவந்தன. அங்கேயே நிறுத்திக்கொண்டேன். சுரண்டுவது தவறு என்று எனக்குத் தெரியும், அர்ச்சகரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயிலுக்கு வெளியே நின்று பார்த்தால் நிலம் தட்டையாகக் கிடக்கிறது. மேடு, கணவாய், காடு என்று படையை மறைக்க எதுவும் இல்லை. இரு பக்கமும் யானைகளும் குதிரைகளும் கொண்ட படைகள் இந்த வெளியில் மோதினால், உயரத்தில் உட்கார்ந்திருக்கும் தலைவன் எல்லோர் கண்ணுக்கும் தெரிவான், அவன் சாய்ந்தாலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இதை ஊரில் நின்று பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

இணையத்தில் உலவும் படை எண்ணிக்கைகளைப் பற்றிக் கேட்டவருக்கு: மேலே சொன்ன எந்தச் சாசனத்திலும் படையின் எண்ணிக்கை இல்லை. லட்சக் கணக்கில் எழுதுகிறவர்கள் சொந்தக் கஜானாவிலிருந்து எழுதுகிறார்கள்.

28 மார்ச் 2022

ராஜேந்திரன் கடல் கடந்து வென்றதும் இந்தத் தக்கோலம்தானா என்ற கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. அவன் மெய்க்கீர்த்தியில் வருவது தலைத்தக்கோலம், அது மலாய்த் தீபகற்பத்தைச் சேர்ந்தது. தக்கோலம் என்பது வெற்றிலையோடு சேர்க்கும் பஞ்சவாசத்தில் ஒன்றான வாசனைப் பொருளின் பெயரும்கூட.

3 ஏப்ரல் 2022

ராஜாதித்தன் தக்கோலத்துக்குத் திடீரென்று வந்தவன் அல்லன். போருக்குப் பல வருடங்கள் முன்பிருந்தே பராந்தகன் அவனைத் திருமுனைப்பாடி நாட்டில் படையோடு நிறுத்தியிருந்தான். திருநாவலூருக்கு ராஜாதித்தபுரம் என்றே பெயர் வழங்கியது. அங்குள்ள கோயிலில் அவனுடைய பரிவாரத்தைச் சேர்ந்த மலையாள வீரர்கள் விளக்குக்குக் கொடை கொடுத்த கல்வெட்டுகள் இருக்கின்றன. சண்டைக்காகக் காத்திருக்கும் படை சும்மா இருக்க முடியாது, கோயில் கட்டும், விளக்கு வைக்கும்.

அவனுடைய படைத்தலைவர்களில் ஒருவன் மலைநாட்டுப் (கேரளத்துப்) புத்தூரைச் சேர்ந்த வெள்ளங்குமரன். பெண்ணையாற்றங்கரையில் கிராமம் என்றே பெயர் கொண்ட ஊரில் அவன் ஒரு சிவன் கோயிலைக் கற்றளியாக, அதாவது கற்கோயிலாக, எடுப்பித்தான். பராந்தகனின் முப்பத்தாறாம் ஆண்டில் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம் இருக்கிறது. கலியுகம் தொடங்கி எத்தனையாவது நாள் என்று எண்ணியே எழுதியிருக்கிறார்கள்: 14,77,037. அது 943 ஜனவரி 14, சனிக்கிழமை. நம்பாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேப்பரில் நானே போட்டுப் பார்த்தேன். முதல் முறை ஒரு நாள் உதைத்தது. கலியின் முதல் நாளை ஒன்று என்று எண்ணாமல் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தேன். திருத்தியதும் சனிக்கிழமையும் சரியாக வந்து விழுந்தது. ஜனவரி 14 என்றதும் பொங்கல் என்று எழுதிவிடாதீர்கள். அன்றைய கணக்கில் தை பிறந்து ஏறக்குறைய மூன்று வாரம் ஆகியிருந்தது. போருக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது.

வீரநாராயணன் ஏரியை, அதாவது வீராணத்தை, ராஜாதித்தனின் வீரர்கள் காத்திருந்த காலத்தில் வெட்டினார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் மேடையில் சொல்லியிருக்கிறேன். பெயர் பராந்தகனின் பட்டப்பெயர் என்பது உறுதி. வெட்டிய கை ராஜாதித்தனின் படை என்பது செவிவழி மரபு. மரபு என்று சொல்லித்தான் அதைச் சொல்ல வேண்டும், மேடையில் நான் அப்படிச் சொல்லவில்லை.

அந்த வெள்ளங்குமரன்தான் போருக்குப் பின் துறவியாகித் திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு வாழ்ந்தவர்.

5 ஏப்ரல் 2022

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று இருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். இருவரும் ஒருவரே என்பது அறிஞர் சிலரின் ஊகம். இருவரும் மலைநாட்டவர், இருவரும் ராஜாதித்தனுக்கு நெருக்கமானவர்கள் என்பது மட்டுமே அதற்கு அடிப்படை.

திருவொற்றியூர்க் கல்வெட்டு உறுதியாகச் சொல்வது இவ்வளவு: கேரளத்தில் பிறந்து கல்வியில் தேர்ந்த ஒருவர் ராஜாதித்தனோடு நட்புப் பூண்டு அவனிடம் இருந்தார், தலைவனோடு களத்தில் சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் வெறுத்தார், கங்கையாடி, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் துறவு பெற்றுச் சதுரானன பண்டிதர் ஆனார். ராஜாதித்தன் விழுந்தபோது அவர் ஏன் பக்கத்தில் இல்லை என்று கல் சொல்லவில்லை. அவரும் சொல்லியிருக்க மாட்டார்.

என்னை உலுக்குவது அந்தக் கல்வெட்டின் தேதி. அது கன்னரதேவனின், அதாவது மூன்றாம் கிருஷ்ணனின், இருபதாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது. நண்பனைக் கொன்ற படையின் அரசன் பெயரை முதலில் எழுதி, அவனுடைய ஆட்சியாண்டால் நாளைக் குறித்துவிட்டுத்தான் அந்த மனிதர் தன் நண்பனுக்காகத் துறவு பூண்ட கதையைச் சொல்ல முடிந்திருக்கிறது. திருவொற்றியூரில் அப்போது வேறு அரசன் இல்லை.

17 ஏப்ரல் 2022

பத்து நாட்களாக ஒரே கேள்வி மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓர் இளவரசன் இறந்தால் ஒரு போர் தோற்கலாம். அதற்காக ஒரு மண்டலமே ஏன் கைவிட்டுப் போக வேண்டும்?

சோழர்கள் ராஜாதித்தனை ஆனைமேற்றுஞ்சினார் என்று குறித்தார்கள். துஞ்சுதல் என்றால் உறங்குதல். அரசர்களின் சாவை இடத்தோடு சேர்த்து உறக்கமாகச் சொல்வது சங்க காலத்திலிருந்தே நம் வழக்கம். முதலாம் ஆதித்தன் தொண்டைமானாற்றூர் துஞ்சினவன், சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சினவன். ஊரும் மாளிகையும் வர வேண்டிய இடத்தில் ராஜாதித்தனுக்கு யானை வருகிறது. நூறு வருடம் கழித்து இதே அடைமொழி இன்னொரு சோழனுக்கும் கிடைத்தது. 1054இல் கொப்பத்தில் சாளுக்கியரோடு பொருது யானைமேல் இறந்த முதலாம் ராஜாதிராஜனையும் கல்வெட்டுகள் ஆனைமேற்றுஞ்சி அருளினவன் என்றே சொல்கின்றன.

இரண்டு சாவும் ஒன்றுபோல இருக்கின்றன. முடிவு நேரெதிர். கொப்பத்தில் ராஜாதிராஜன் சாய்ந்து படை கலையத் தொடங்கியபோது, அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரன் தன் யானையோடு முன்னுக்கு வந்து, சிதறிய படையைத் திருப்பி நிறுத்தி, களத்திலேயே முடி சூடிக்கொண்டான் என்று சோழர் கல்வெட்டுகள் பாடுகின்றன. சாளுக்கியர் தரப்பு இதை ஒப்பாது என்றாலும், கொப்பத்துக்குப் பின் சோழ நாடு சுருங்கவில்லை என்பது கண்கூடு. தக்கோலத்தில் அப்படி முன்னுக்கு வர ஓர் ஆள் இல்லை. பராந்தகன் பட்டத்துக்கு வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது. மதுரையையும் ஈழத்தையும் வென்ற பெயர் இருந்தது, வயது இல்லை. வடக்கு எல்லையின் முழு நம்பிக்கையையும் ஒரே பிள்ளையின்மேல் வைத்து அந்த வெளியில் நிறுத்தியிருந்தான்.

நான் 27 மார்ச் குறிப்பில், சாய்ந்தால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும் என்று எழுதினேன். இதே காரணம் கொப்பத்துக்கும் பொருந்தும் என்பதால், அது மட்டும் போதாது என்று இப்போது தோன்றுகிறது. விழுந்தவனுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். ஆனால் சேதம் முன்பே ஏற்பட்டுவிட்டது என்று 19 மார்ச்சில் எழுதியதும் கொஞ்சம் அதிகப்படி. நட்பு நாடுகள் போனதால் தோல்வி நிச்சயம் என்று ஆகிவிடாது. ராஜாதித்தன் கிருஷ்ணனைக் கலங்கடித்தான் என்று லெய்டன் செப்பேடு சொல்வதை வெறும் அலங்காரமாக ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. தோற்கப்போகிற படையின் தலைவனைக் கொல்ல யாரும் அம்பாரிக்குள் ஏறிக் குதிக்க மாட்டார்கள். சாதாரண வழியில் முடியாத நிலை இருந்திருந்தால்தான் பூதுகன் அப்படிச் செய்ய நேர்ந்திருக்கும்.

24 ஏப்ரல் 2022

கிருஷ்ணன் தஞ்சை வரை போனானா என்ற கேள்விக்கு: கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன் என்பது அவன் பட்டம். ராமேசுவரத்தில் வெற்றித்தூண் நட்டதாக அவனுடைய கர்ஹாடு செப்பேடு சொல்கிறது. கச்சியை, அதாவது காஞ்சியை, அவன் கொண்டதில் ஐயமில்லை. உக்கல், திருக்கழுக்குன்றம், திருவொற்றியூர் என்று அவன் கல்வெட்டுகள் தொண்டை மண்டலம் முழுக்க இருக்கின்றன, நடுநாட்டின் வட பகுதியிலும் கிடைக்கின்றன. காவிரிக் கரையில் அப்படி இல்லை. தஞ்சைக்குப் படை போய்க் கொள்ளையிட்டுத் திரும்பியிருக்கலாம். நின்று ஆண்டதாகக் கொள்ள முடியாது. பட்டப்பெயரை நிலப் பத்திரமாக எடுத்துக்கொண்டால் நம் சோழர்களும் பல இடங்களில் மாட்டிக்கொள்வார்கள்.

8 மே 2022

மேல்பாடிக்கும் போய்விட்டு வந்தேன். பொன்னையாற்றங்கரையில், திருவல்லத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கர்ஹாடு செப்பேடு 959 மார்ச்சில் கிருஷ்ணன் இந்த ஊரில் பாசறை அடித்துத் தங்கியிருந்தபோது கொடுக்கப்பட்டது. தென்னாட்டு நிலங்களைத் தன்னைச் சார்ந்தவர்களுக்குப் பங்கு வைத்துக் கொடுத்தபடி இங்கே அவன் அமர்ந்திருந்தான். தக்கோலத்துக்குப் பத்து வருடத்துக்குப் பிறகும் அவன் இங்கே வீட்டுக்காரன்போல இருந்திருக்கிறான்.

அதே ஊரில் இன்று பார்க்கக் கிடைப்பது ராஜராஜன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சுரம். ராஜாதித்தனின் தம்பியும் தன் பாட்டனுமான அரிஞ்சயன், ஆற்றூர்த் துஞ்சின தேவர், அவருக்காகக் கட்டிய பள்ளிப்படை, அதாவது இறந்தவர் நினைவாக எடுத்த கோயில், அது. 973இல் சாளுக்கியன் தைலபன் ராஷ்டிரகூட வம்சத்தையே முடித்துவிட்ட பிறகு, சோழர்கள் கொஞ்சம் கொஞ்சமாக மீட்ட மண்டலத்தில், கிருஷ்ணன் கூடாரம் அடித்த ஊரில் வந்து ராஜராஜன் தன் பாட்டனைக் கல்லில் அமர்த்தியிருக்கிறான். பெரியபாட்டனான ராஜாதித்தனுக்குத் தக்கோலத்தில் ஒரு பள்ளிப்படை இருந்திருக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டே பிரகாரத்தைச் சுற்றினேன்.

கோயில் சாவியை வைத்திருப்பவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் அரை மணி நேரம் காத்திருக்கச் சொன்னார். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு நாய் பந்தைக் கவ்விக்கொண்டு ஓடியது. அதற்குப் பெயர் காளியா என்று கேட்கத் தோன்றியது. டைகர் என்று கூப்பிட்டார்கள்.